கணக்குத் தீராத பயம்

பேய்கள் சிரிக்கவைக்கும் காலத்தில், உண்மையிலேயே தூக்கத்தைக் கெடுக்கும் சினிமாக்களுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ் சினிமாப் பேய்க்கு ஒரு நல்ல குணம் உண்டு. காரணம் இல்லாமல் யாரையும் தொடாது. இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் அதற்கென்று ஒரு ஃபிளாஷ்பேக் வரும். அதில் அது வெள்ளந்தியான ஒரு பெண்ணாக இருக்கும், அல்லது சொத்துக்காகக் கொல்லப்பட்ட குடும்பமாக இருக்கும். கொன்றவன் இன்று வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஊரில் பெரிய மனிதனாகத் திரிவான். பேய் அவனைத் தேடிப்பிடித்து, அம்மன் பாட்டு முடிவதற்குள் கணக்கைத் தீர்த்துவிட்டு, குடியிருந்த உடம்புக்கு நன்றி சொல்லி விடைபெறும். 'முனி' (2007) போட்ட பாதை இது. பிறகு 'காஞ்சனா' (2011), 'அரண்மனை' (2014) என்று வரிசை நீண்டு, பேய்ப்படம் என்றாலே கோடை விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப்போகும் படம் என்றாகிவிட்டது. கோவை சரளா அலறினால் தியேட்டர் சிரிக்கிறது.

சிரிக்கட்டும், அதில் தப்பே இல்லை. ஆனால் படம் முடிந்து வீட்டுக்கு வந்தபின், கொல்லைப்பக்க விளக்கைப் போடாமல் போகக் கால் தயங்குகிறதா என்று கேட்டால், இல்லை. பேய் போய்விட்டது. வில்லன் செத்துவிட்டான். கணக்கு நேராகிவிட்டது. இனி பயப்பட என்ன இருக்கிறது?

இதை வெறும் வியாபார ஃபார்முலா என்று ஒதுக்கிவிட முடியாது. அநியாயமாகச் செத்தவர்களைத் தெய்வமாக்குவது நம் மண்ணின் வழக்கம். மதுரை வீரனுக்கும் காத்தவராயனுக்கும் கோயில் எடுத்தோம். தென்மாவட்டங்களில் இசக்கிக்குக் கொடை நடத்திப் படையல் போட்டு அமைதிப்படுத்துகிறோம். திருவாலங்காட்டுப் பக்கம் கதையாக வாழும் பழையனூர் நீலிகூடத் தன்னைக் கொன்றவனைத் தேடித்தான் வந்தாள். அவனுக்காகப் பொறுப்பேற்ற வேளாளர்களை அவள் தொடவில்லை. கொடுத்த வாக்கு பொய்த்ததால் அவர்களாகவே தீயில் இறங்கினார்கள் என்கிறது கதை. ஆக, நம்மூர்ப் பேய்க்கதை அடிப்படையில் ஒரு வழக்கு. வாதி செத்தவர், பிரதிவாதி கொன்றவர். தீர்ப்பு வந்ததும் எல்லோரும் கலைந்து வீட்டுக்குப் போகலாம்.

உலகின் சிறந்த திகில் படங்கள் பார்வையாளரிடமிருந்து முதலில் பிடுங்குவது இந்தத் தீர்ப்பைத்தான். இங்கே நான் பரிந்துரைக்கும் படங்களில் பெரும்பாலானவை வழக்கை நடத்திவிட்டுத் தீர்ப்பை எழுதாமலே எழுந்துபோகிறவை.

அச்சம் எதனால் பிறக்கிறது என்று தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நான்கு காரணங்களைச் சொல்கிறது. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பேயும் தெய்வமுமான அமானுஷ்யம், காட்டு மிருகம், வழிப்பறிக்காரன், அதற்குப் பிறகு நாலாவதாக நம்மை ஆளுகிறவர். அரசனைப் பேயோடும் புலியோடும் ஒரே வரிசையில் நிறுத்திய அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. இன்னொரு விஷயம்: இழிவும் அருவருப்பும் சார்ந்த இளிவரலைத் தொல்காப்பியர் அச்சத்தோடு கலக்கவில்லை, அது தனி மெய்ப்பாடு. குடலை உருவிக் காட்டினால் திகில் வந்துவிடும் என்று நம்பும் இயக்குநர்கள் இந்தப் பகுதியை ஒருமுறை படித்துவிட்டுக் கேமராவைத் தொடலாம்.

கிணற்றுக்குள் கிடைத்த எலும்புகள்

அணங்கில் ஆரம்பிப்போம். ஜப்பானிய இயக்குநர் ஹிதியோ நகாதாவின் 'ரிங்கு' 1998இல் வந்தது. கோஜி சுசுகி 1991இல் எழுதிய நாவல்தான் மூலம். ஒரு வீடியோ கேசட் இருக்கிறது. அதைப் பார்த்து முடித்ததும் போன் வரும். ஏழாவது நாள் மரணம். பத்திரிகையாளர் ரெய்கோ அதைப் பார்த்துவிடுகிறாள். முன்னாள் கணவனோடு சேர்ந்து காரணம் தேடுகிறாள். சதாகோ என்ற பெண்ணை உயிரோடு கிணற்றில் தள்ளிய கதை தெரியவருகிறது.

கால் நூற்றாண்டு தாண்டிய படம் என்பதால் மேற்கொண்டு சொல்கிறேன்; பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். ரெய்கோ கிணற்றுக்குள் இறங்குகிறாள். சேற்றில் துழாவி அந்த எலும்புக்கூட்டைக் கண்டெடுத்து, குழந்தையை அணைப்பதுபோல் மடியில் அணைத்துக்கொள்கிறாள். கெடு தாண்டுகிறது. அவள் சாகவில்லை. நம்மூர்க் கணக்கில் படம் இங்கே முடிந்துவிட்டது. செத்தவளைக் கண்டுபிடித்தாயிற்று, துக்கம் பகிர்ந்தாயிற்று, ஆவி சாந்தியடைந்தாயிற்று. மறுநாள் பகலில், முன்னாள் கணவன் வீட்டு டிவி தானாக ஒளிர்கிறது. கிணறு தெரிகிறது. அதிலிருந்து ஒரு கை மேலே வருகிறது. சதாகோவுக்கு நியாயம் தேவைப்படவில்லை. பரவுவதுதான் அவளுக்குத் தேவை. அந்த இடத்தில் நம் முதுகில் ஏறும் குளிர், தலைமுடி மூடிய முகத்தால் வருவதைவிட, நாம் செய்த பரிகாரம் பலிக்கவில்லை என்ற அதிர்ச்சியால் வருகிறது. சதாகோ நடந்துவரும் அந்த முறிந்த நடையை எடுக்க, நடிகையைப் பின்னோக்கி நடக்கவைத்துப் படமெடுத்து, ஃபிலிமைத் திருப்பி ஓட்டினார்கள். கிராஃபிக்ஸ் கம்பெனிகள் கோடிகளில் செய்யமுடியாததை ஒரு பழைய தந்திரம் செய்துவிட்டது. 2002இல் வந்த அமெரிக்க 'தி ரிங்' மோசமில்லை. ஆனாலும் ஜப்பானியப் படத்தை முதலில் பாருங்கள்.

இதே வகையில் தமிழ்ப் பார்வையாளர்களுக்கு நெருக்கமாக வரக்கூடிய இன்னொரு படம், தென்கொரியாவின் நா ஹாங்-ஜின் இயக்கிய 'தி வெயிலிங்' (2016). மலைக்கிராமம். விடாத மழை. ஊருக்கு ஒரு ஜப்பானியர் வந்து தனியாகத் தங்குகிறார். அதன்பிறகு ஒரு மர்ம நோய், வீடு வீடாகக் கொலை. சொந்தக் குடும்பத்தையே வெட்டிப்போட்டுவிட்டு விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தொப்பையும் சோம்பலும் பயந்த சுபாவமும் கொண்ட ஒரு போலீஸ்காரரின் சின்ன மகளுக்கும் அந்த நோய் வருகிறது. பூசாரியைக் கூப்பிடுகிறார்கள். அவர் மேளத்தோடும் கத்தியோடும் ஆடும் அந்த நீண்ட சடங்குக் காட்சியைப் பார்க்கும்போது உடுக்கைச் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு வேறு மொழிப் படம் என்ற எண்ணமே வராது. நம் கோடாங்கிதான் அவர். இங்கே பூசாரி, அங்கே காட்டில் ஜப்பானியர், இருவரும் ஒரே நேரத்தில் சடங்கு செய்கிறார்கள். யார் யாரை எதிர்த்துச் செய்கிறார்? யார் காப்பாற்றுகிறார், யார் கொல்கிறார்? படம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. கடைசி நிமிடம்வரை அந்தத் தகப்பனோடு சேர்ந்து நாமும் யாரை நம்புவது என்று தவிக்கிறோம். தப்பாக நம்பினால் மகள் போய்விடுவாள். சரியாக நம்ப வழியே இல்லை. பேய்ப்பட ரசிகர் ஒருவர் வாழ்நாளில் ஒரே ஒரு வெளிநாட்டுப் படம்தான் பார்ப்பேன் என்று அடம்பிடித்தால், நான் இதைத்தான் கையில் கொடுப்பேன்.

'தி எக்ஸார்சிஸ்ட்' (1973) பற்றி நீளமாகச் சொல்லவேண்டியதில்லை. ஆஸ்கரில் சிறந்த படத்துக்கான பரிந்துரையைப் பெற்ற முதல் திகில் படம் அது. தலை சுற்றும் காட்சி இன்றைய கண்ணுக்குச் சிரிப்பூட்டலாம். ஆனால் பேய் பிடித்த சிறுமியின் கழுத்தில் ஊசி ஏற்றி ரத்தக்குழாயைப் படமெடுக்கும் ஆஸ்பத்திரிக் காட்சியைப் பாருங்கள். படத்திலேயே கொடூரமான காட்சி அது, அதில் பேயே கிடையாது.

மறைத்தால்தான் தெரியும்

1940களில் ஹாலிவுட்டின் ஆர்கேஓ நிறுவனம் வால் லூட்டன் என்ற தயாரிப்பாளரை வேலைக்கு வைத்தது. அவர்களே தலைப்பைக் கொடுத்துவிடுவார்கள், பணம் கொஞ்சம்தான் கொடுப்பார்கள். முதல் தலைப்பு 'கேட் பீப்பிள்' (1942). பூனை மனிதர்களைக் காட்ட வேஷம் போட்டால் கேலிக்கூத்தாகும் என்று லூட்டனும் இயக்குநர் ஜாக் டூர்னரும் புரிந்துகொண்டார்கள். இரவில் ஒரு பெண் தனியாக நடக்கிறாள். பின்னால் இன்னொரு பெண்ணின் செருப்புச் சத்தம். திடீரென்று பின்னால் கேட்ட சத்தம் நின்றுபோகிறது. முன்னால் போகிறவள் நடையை எட்டிப்போடுகிறாள். நாமும் மூச்சைப் பிடிக்கிறோம். அந்த நொடியில் சீறிக்கொண்டு சட்டகத்துக்குள் பாய்கிறது... ஒரு பேருந்து. ஏர் பிரேக் சத்தம். அவ்வளவுதான். இன்றைக்கு ஒவ்வொரு பேய்ப்படத்திலும் பூனை குறுக்கே ஓடுவதும், ஜன்னல் அடித்துக்கொள்வதும், தோளில் நண்பன் கை வைப்பதும் அந்தப் பேருந்தின் வாரிசுகள். சினிமாக்காரர்கள் அதை 'லூட்டன் பஸ்' என்றே சொல்கிறார்கள். வாரிசுகளுக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. பேருந்து வருவதற்கு முன்னால் இருந்த அந்த நடைதான் பயம். பேருந்து வந்ததும் பயம் கலைந்துவிட்டது.

இந்த ரகசியத்தை முழுப் படமாக நீட்டியவர் ஜாக் கிளேட்டன். 'தி இன்னசன்ட்ஸ்' (1961), ஹென்றி ஜேம்ஸ் 1898இல் எழுதிய குறுநாவலின் திரை வடிவம். பெரிய மாளிகை. பெற்றோர் இல்லாத இரண்டு அழகான பிள்ளைகள். அவர்களைக் கவனித்துக்கொள்ள வரும் ஆசிரியையாக டெபோரா கெர். செத்துப்போன வேலைக்காரர்கள் இரண்டு பேர் அந்தப் பிள்ளைகளைப் பிடித்திருப்பதாக அவள் நம்புகிறாள். ஏரிக்கரை நாணல்களுக்கு நடுவே கறுப்பு உடையில் ஒரு பெண் நிற்கிறாள். பட்டப்பகல். தூரத்தில். அசையவில்லை. இசை இல்லை. அவ்வளவு தூரத்தில் நிற்பவளைப் பார்த்து இவ்வளவு பயப்படமுடியுமா என்று உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி பிரான்சிஸ் ஃபில்டரின் ஓரங்களுக்குச் சாயம் பூசி, அகலத் திரையின் இரு பக்கங்களையும் இருட்டாக்கினார். அதனால் படம் நெடுக, ஓரத்தில் ஏதோ இருக்கிறது என்று கண் தேடிக்கொண்டே இருக்கிறது. ஆவிகள் நிஜமா, அந்த ஆசிரியையின் மனக்கோளாறா? இரண்டு பதிலுமே நிம்மதி தராது. ஆவி என்றால் பிள்ளைகள் பாவம். மனக்கோளாறு என்றால் இன்னும் பாவம்.

ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வை (1960) எல்லோரும் பார்த்திருப்பீர்கள், அல்லது பார்த்ததாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். குளியலறைக் கொலை முக்கால் நிமிடக் காட்சி. எடுக்க ஒரு வாரம் ஆனது. கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப் போதுமாக இருந்தது. அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்தார். பெர்னார்ட் ஹெர்மன் தந்திக்கருவிகளை மட்டும் வைத்து எழுதிக்கொண்டுவந்த அலறலைக் கேட்டபின் மனம் மாறினார். படத்தின் ஒரே பலவீனம், கடைசியில் ஒரு மனநல மருத்துவர் வந்து எல்லாவற்றையும் விளக்குவது. நம்மூர் ஃபிளாஷ்பேக்கின் அமெரிக்க அண்ணன் அது. மூன்று வருடம் கழித்து 'தி பேர்ட்ஸ்' (1963) எடுத்தபோது அவர் அந்த ஆறுதலையும் கொடுக்கவில்லை. பறவைகள் ஏன் மனிதர்களைத் தாக்குகின்றன? சொல்லவே இல்லை. வழக்கமான பின்னணி இசையும் கிடையாது. பள்ளிக்கூட வாசலில் ஒரு பெண் உட்கார்ந்திருக்க, அவளுக்குப் பின்னால் விளையாட்டுக் கம்பியில் ஒரு காக்கை வந்து அமர்கிறது. பிறகு இன்னொன்று. அவள் திரும்பிப் பார்க்கும்போது கம்பி முழுவதும் காக்கை. விலங்கால் வரும் அச்சத்துக்கு இந்த ஒரு காட்சி போதும் எனக்கு. சுறாவும் பாம்பும் உங்கள் விருப்பம்.

பெட்ரோல் பங்கில் காணாமல் போனவள்

கள்வர் வகையில் தமிழுக்கு நல்ல மரபு உண்டு. பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' (1978), பாலு மகேந்திராவின் 'மூடுபனி' (1980) இரண்டுக்கும் இசை இளையராஜா. இரண்டும் இன்றும் நிற்கும் நல்ல படங்கள். ஆனால் இரண்டிலும் கொலைகாரனின் பால்யத்துக்குப் போய், ஏதோ ஒரு பெண் செய்த தவறுக்குப் பழியைக் கட்டிவிடுகிறார்கள். இன்று பார்க்கும்போது கத்தியைவிட அந்தச் சமாதானம்தான் உறுத்துகிறது.

அந்தச் சமாதானமே இல்லாத கொலைகாரனைப் பார்க்கவேண்டுமென்றால், ஜார்ஜ் ஸ்லூய்சரின் 'தி வானிஷிங்' (1988). டச்சுப் படம். இதே பெயரில் ஒரு அமெரிக்கப் படமும் இருக்கிறது, ஜாக்கிரதை. இளம் ஜோடி விடுமுறைக்குப் பிரான்சுக்குக் காரில் போகிறது. நெடுஞ்சாலை பெட்ரோல் பங்கில் நிறுத்துகிறார்கள். குடிக்க ஏதாவது வாங்கிவருகிறேன் என்று அவள் உள்ளே போகிறாள். திரும்பி வரவில்லை. கூட்டம், வெயில், போகிற வருகிற கார்கள், எல்லாம் சாதாரணமாக நடந்துகொண்டே இருக்கின்றன. மூன்று வருடங்கள் ஓடுகின்றன. அவன் இன்னும் தேடுகிறான். அவள் உயிரோடு கிடைக்கவேண்டும் என்ற ஆசைகூட மெல்லத் தேய்ந்து, என்ன நடந்தது என்று தெரிந்தால் போதும் என்ற வெறி மட்டும் மிஞ்சுகிறது.

கடத்தியவன் யார் என்பதைப் படம் மறைக்கவே இல்லை. பாதிக்கு முன்பே காட்டிவிடுகிறது. கெமிஸ்ட்ரி வாத்தியார். மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், புதிதாக வாங்கிய பண்ணை வீடு. மயக்கமருந்தை எத்தனை நேரத்துக்கு முகர்ந்தால் எவ்வளவு நேரம் மயக்கம் என்று தன்மேலேயே சோதித்துக் குறித்துவைக்கிறான். கார்க் கதவை எப்படித் திறப்பது, என்ன பேசுவது என்று ஒத்திகை பார்க்கிறான். வீட்டுக் கணக்கு எழுதுகிறவன் முகத்தில் இருக்கும் அதே சாந்தம். அவன் ஒருநாள் காதலியைத் தேடுகிறவனிடமே வந்து, என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது என்கிறான். முடிவை இங்கே சொல்வது பாவம். ஒன்று மட்டும் சொல்லலாம்: 1993இல் இதே ஸ்லூய்சர் ஹாலிவுட்டுக்குப் போய் இதே கதையை மறுபடி எடுத்தார், முடிவை மாற்றி. நல்லவன் ஜெயித்தான், கெட்டவன் தண்டனை பெற்றான், படம் செத்தது. கணக்குத் தீர்த்தால் திகில் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சுத்தமான ஆதாரம் சினிமாவில் கிடையாது. ஒரே கதை, ஒரே இயக்குநர், இரண்டு முடிவு.

கியோஷி குரோசாவாவின் 'க்யூர்' (1997) இன்னும் ஒருபடி மேலே போகிறது. (அகிரா குரோசாவாவுக்கு இவர் உறவில்லை.) டோக்கியோவில் சாதாரண மனிதர்கள் கொலை செய்கிறார்கள். ஒவ்வொரு பிணத்தின் கழுத்திலும் பெருக்கல் குறிபோல் வெட்டு. கொலை செய்தவர்களுக்கு ஏன் செய்தோம் என்றே தெரியவில்லை. எல்லோரும் அதற்கு முன்னால் ஒரு ஞாபகமறதி இளைஞனைச் சந்தித்திருக்கிறார்கள். அவன் யாரையும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. நீங்கள் யார் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான். கேமரா தூரத்தில் நின்று, வெட்டாமல், அலட்டிக்கொள்ளாமல் பார்க்கிறது. கடைசிக் காட்சியில் ஓட்டலில் பரிமாறும் பெண்மேல் ஒரு கண் வைத்திருங்கள். இமைத்தால் போய்விடும்.

மைக்கேல் ஹானெக்கேயின் 'ஃபன்னி கேம்ஸ்' (1997) இந்த வரிசையில் எப்போதும் சொல்லப்படும் பெயர். வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு இளைஞர்கள் முட்டை கேட்டு வீட்டுக்குள் நுழைகிறார்கள். வன்முறை பெரும்பாலும் திரைக்கு வெளியே. அதைப் பார்க்க வந்த உன்னையும் சேர்த்துத்தான் குற்றம்சாட்டுகிறேன் என்று இயக்குநர் நம் முகத்துக்கு நேரே சொல்கிறார். கெட்டிக்காரப் படம். எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு, பிரியம் இல்லை. டிக்கெட் வாங்கி வந்தவனுக்கு இரண்டு மணி நேரம் பாடம் நடத்தி அடிப்பதை ஒருமுறைதான் பொறுக்கமுடியும்.

நாலாவது அச்சம்

தொல்காப்பியத்தின் நாலாவது காரணத்துக்கு வரும்போது பேய்கள் எல்லாம் பிள்ளைப்பூச்சி. 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) இந்த எல்லையில் நிற்கும் படம். பிட்ஸ்பர்க் பக்கத்தில் ஜார்ஜ் ரோமேரோ நண்பர்களோடு சேர்ந்து குறைந்த செலவில் எடுத்தது. எழுந்து நடக்கும் பிணங்களுக்குப் பயந்து ஒரு பண்ணைவீட்டில் சிலர் ஒளிகிறார்கள். அவர்களில் புத்தியும் தைரியமும் உள்ளவன் ஒரு கறுப்பின இளைஞன். மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்ட அதே ஆண்டில் படம் வெளிவந்தது. இரவு முழுதும் பிணங்களிடமிருந்து தப்பியவனுக்கு, விடிந்தபின் துப்பாக்கியோடு வரும் உயிருள்ள மனிதர்களால் என்ன ஆகிறது என்பதைப் பாருங்கள். தலைப்பை மாற்றியபோது காப்புரிமைக் குறிப்பைச் சேர்க்க விட்டுவிட்டார்கள். அதனால் இந்தப் படம் பொதுச்சொத்து. இணையத்தில் சட்டப்படியே இலவசமாகக் கிடைக்கும்.

எலெம் கிளிமோவின் 'கம் அண்ட் சீ' (1985) சோவியத் படம். திகில் பட வரிசையில் இதைச் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். பார்த்துவிட்டுக் கேட்கட்டும். 1943, ஜெர்மனி பிடித்துவைத்திருந்த பெலாரஸ். ஃப்ளோரியா என்ற சிறுவன் மண்ணில் தோண்டி ஒரு துப்பாக்கியை எடுத்து, எதிர்ப்புப் படையில் சேர ஆசையாகக் கிளம்புகிறான். முதலில் சிரித்த முகம். குண்டு விழுந்தபின் அவன் காது அடைத்துப்போகிறது. நமக்கும் அந்த ரீங்காரம் மட்டுமே கேட்கிறது. வீட்டுக்குத் திரும்புகிறான். சாப்பாடு இன்னும் சூடாக இருக்கிறது, ஆட்கள் இல்லை. அவனும் அவனோடு வரும் பெண்ணும் ஓடும்போது அவள் மட்டும் ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறாள். அவள் கண்டதை நாமும் ஒரே ஒரு நொடி காண்கிறோம். பிறகு ஒரு கிராமம், ஒரு களஞ்சியம், உள்ளே அடைக்கப்படும் ஜனங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தில் அந்தப் பையனின் முகம் கிழவனின் முகமாகிறது. மக்களோடு சேர்த்துக் கொளுத்தப்பட்ட பெலாரஸ் கிராமங்கள் 628 என்று கடைசியில் ஒரு வரி வருகிறது. திரைக்கதையில் பங்கேற்ற அலெஸ் ஆடமோவிச் பதின்ம வயதில் அந்த எதிர்ப்புப் படையில் இருந்தவர். படத்தை எடுக்க அனுமதி பெறவே கிளிமோவ் வருடக்கணக்கில் போராடினார். 2003இல் சாகும்வரை அவர் வேறு படம் எடுக்கவில்லை.

'த்ரெட்ஸ்' (1984) பிபிசி தொலைக்காட்சிக்காக மிக் ஜாக்சன் எடுத்தது. பிரிட்டனின் ஷெஃபீல்ட் நகரம். கல்யாணம் செய்யப்போகும் ஒரு ஜோடி சுவருக்குக் காகிதம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பின்னணியில் வானொலி, செய்தி, எங்கோ நெருக்கடி. பிறகு அணுகுண்டு. மற்ற படங்கள் வெடிப்போடு நிற்கும். இது அதற்குப் பிறகான பதின்மூன்று வருடங்களைக் காட்டுகிறது: உணவு, மருந்து, விளைச்சல், கடைசியில் குழந்தைகளின் பேச்சுகூடச் சிதைந்துபோவதை. இதே ஜாக்சன் எட்டு வருடம் கழித்து ஹாலிவுட்டில் 'தி பாடிகார்ட்' என்ற காதல் படம் எடுத்தார். பிழைத்துக்கொண்டார் மனிதர்.

ஜொனாதன் கிளேசரின் 'தி ஸோன் ஆஃப் இன்ட்ரெஸ்ட்' (2023) ஒரு கொலையைக்கூடக் காட்டவில்லை. ஆஷ்விட்ஸ் முகாமின் தலைவன் ஹெஸ், சுவருக்கு இந்தப் பக்கம் மனைவி மக்களோடு வாழ்கிறான். பூந்தோட்டம், நீச்சல்தொட்டி, பிறந்தநாள். சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பதைப் படம் காட்டுவதே இல்லை. கேட்கமட்டும் வைக்கிறது. அந்த ஒலிக்கு ஆஸ்கர் கொடுத்தார்கள். போனில், ஸ்பீக்கரில் பார்த்தால் இது குடும்பப்படம்போல் இருக்கும். ஹெட்போன் இல்லாமல் தொடவேண்டாம்.

தமிழில் இந்த நாலாவது அச்சத்தை முழுதாகப் பிடித்த படம் வெற்றிமாறனின் 'விசாரணை'. 2015இல் வெனிஸ் விழாவில் திரையிட்டு, 2016இல் இங்கே வந்தது. கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தன் அனுபவத்திலிருந்து எழுதிய 'லாக்கப்' நாவல்தான் அடித்தளம். ஆந்திராவில் பிழைக்கப்போன தமிழ்ப் பையன்களைச் செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிக்கிறார்கள். ஏன் இவர்கள் என்பதற்குக் காரணமே இல்லை, கையில் கிடைத்தார்கள். இரண்டாம் பாதியில் அந்த அமைப்பு தன் ஆட்களையே விழுங்குவதைப் பார்க்கும்போது, தமிழில் வந்த மிகச் சிறந்த திகில் படம் இதுதான் என்று எனக்குத் தோன்றியது. பேய்ப்படப் பட்டியல் போடும் யாரும் இதைச் சேர்ப்பதில்லை. சேர்க்கவேண்டும்.

மலையாளத்தில் ராகுல் சதாசிவனின் 'பிரமயுகம்' (2024) முதல் அச்சத்தையும் நாலாவதையும் ஒரே உருவத்தில் கொண்டுவந்தது. பதினேழாம் நூற்றாண்டு, சிதைந்த மனை, உள்ளே போத்தியாக மம்முட்டி. வழிதவறி வந்த பாணனைச் சோறு போட்டு உட்காரவைத்து, தாயம் உருட்டி அவன் காலத்தையே பறித்துக்கொள்கிறார். கறுப்பு வெள்ளைப் படம். மம்முட்டியின் சிரிப்பு ஒன்றே போதும். கடைசியில் அதிகாரம் கைமாறுகிறது, ஒழிவதில்லை. இதே இயக்குநரின் 'பூதகாலம்' (2022) இன்னும் சின்னது, எனக்கு இன்னும் பிடித்தது. ரேவதி தாய், ஷேன் நிகம் மகன். பாட்டி செத்தபிறகு வாடகை வீட்டில் இருவர் மட்டும். ஒருவரை ஒருவர் நம்பாத அந்த வீட்டில் பேய் இல்லாவிட்டாலும் எனக்குப் பயமாகத்தான் இருந்திருக்கும்.

வீட்டுக்குள் வரும் பயம் என்றால், தமிழில் 'யாவரும் நலம்' (2009) பார்க்காதவர்கள் பார்க்கலாம். மாதவன், பி.சி.ஸ்ரீராமின் கேமரா. வீட்டுப் பெண்கள் பார்க்கும் டிவி சீரியலில் அந்த வீட்டில் நடப்பதெல்லாம் நடக்கிறது என்ற கற்பனை, தமிழ் வீட்டு ஹாலை அப்படியே சபிக்கப்பட்ட இடமாக்கிவிட்டது. முதல் பாதி அபாரம். பிறகு துப்பறியப் போய்விடுகிறார்கள்.

துக்கத்தைத் தொடும் இரண்டு படங்களையும் சொல்லவேண்டும். ஆஸ்திரேலியாவின் 'லேக் முங்கோ' (2008) ஆவணப்படம்போல் எடுத்த கற்பனை. நீரில் மூழ்கி இறந்த மகளைப் பற்றிக் குடும்பம் பேசுகிறது. கடைசியில் பெயர்கள் ஓடும்போது எழுந்துவிடாதீர்கள். ஆரி ஆஸ்டரின் 'ஹெரிடிட்டரி' (2018) படத்தில் அரை மணி நேரம் கழித்து ஒரு கார் காட்சி. அதற்குப் பிறகு காரை ஓட்டிய அண்ணன் எதுவும் பேசாமல் போய்ப் படுத்துக்கொள்கிறான். விடிகிறது. கேமரா அவன் முகத்தைவிட்டு நகரவில்லை. வெளியே அம்மா காரை எடுக்கப்போகும் சத்தம் மட்டும் கேட்கிறது. பிறகு அவள் குரல். வீட்டில் சமீபத்தில் சாவு விழுந்தவர்கள் இந்த இரண்டையும் தள்ளிப்போடுங்கள்; இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை.

வேண்டாம் என்று சொல்லவும் ஒரு படம் இருக்கிறது. 'கேனிபல் ஹோலோகாஸ்ட்' (1980). நடிகர்களை நிஜமாகவே கொன்றுவிட்டார் என்ற சந்தேகத்தில் இத்தாலியில் இயக்குநர்மேல் வழக்குப் போட்டார்கள், நடிகர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று அவர் நிரூபிக்கவேண்டியிருந்தது என்ற கதையைச் சொல்லி இதை விற்பார்கள். ஆனால் அதில் கொல்லப்பட்ட மிருகங்கள் நிஜம். கேமராவுக்காக ஒரு ஆமையை அறுப்பதில் என்ன கலை இருக்கிறது? தொல்காப்பியர் அச்சத்தையும் இளிவரலையும் பிரித்துவைத்தது இதற்குத்தான் என்று வைத்துக்கொள்வோம்.

இவற்றில் எதையும் பிள்ளைகள் இருக்கும் ஹாலில் போடாதீர்கள். 'கம் அண்ட் சீ', 'த்ரெட்ஸ்' இரண்டையும் ஒரே வாரத்தில் பார்க்கவேண்டாம். ஒரு படத்தைப் பார்க்குமுன் போனில் அதன் முடிவைத் தேடும் பழக்கத்தையும் விடுங்கள். 'தி வானிஷிங்' படத்தின் முடிவைப் படித்துத் தெரிந்துகொண்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால், 'தி இன்னசன்ட்ஸ்'. சுமார் நூறு நிமிடம். ஒரு கொலைகூட நேரடியாகக் காட்டமாட்டார்கள். விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தனியாகப் பாருங்கள்.